இணைப்பு இடுக்கில் தங்கிய எண்ணெய்: ஒரு ரைஃபிளின் பூச்சு உரிந்த நிகழ்வு

எங்கள் பணிமனையில் செராமிக் பூச்சு அடித்துக் கொடுத்த போல்ட் இயக்க (தோட்டா அறையை மூடும் போல்ட் என்ற உலோகத் தண்டைக் கையால் இயக்கும்) விளையாட்டு ரைஃபிள் ஒன்று, ஐந்து வாரங்கள் கழித்துப் பூச்சு உரிந்த நிலையில் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்ய முனைந்த முதல் நாளிலேயே எங்கள் பணியாளர் ஒருவர் நச்சு ஆவியைச் சுவாசித்து மருத்துவக் கண்காணிப்பில் ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தது. மூன்றாம் முறைதான் வேலை ஒழுங்காக முடிந்தது. பூச்சு உரிந்ததையும் பணியாளருக்கு நேர்ந்ததையும் தொடக்கத்தில் தனித்தனிப் பதிவேடுகளில் எழுதினோம். ஆராய்ந்து பார்த்தபோது இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியிருந்தன. குழலும், அது திருகப்படும் உடற்பகுதியான ரிசீவரும் சேரும் திருகு மரையின் இடுக்கில் பல ஆண்டுகளாகத் தங்கியிருந்த எண்ணெய்தான் அந்த இடம். அந்த எண்ணெயை முதல் முறை நாங்கள் தேடவில்லை. இரண்டாம் முறை தேடினோம், ஆனால் தவறான கரைப்பானைக் கொண்டு அவசரமாக விரட்டப் பார்த்தோம். இந்த ஆய்வை எழுதும் நான் அந்தப் பணிமனையின் மேற்பார்வையாளன். முதல் வேலைத்தாளில் கையொப்பமிட்டவனும் நானே.

முதல் வேலையில் விடுபட்டவை

ரைஃபிளின் குழலும் ரிசீவரும் புளூயிங் செய்யப்பட்ட கார்பன் எஃகு. புளூயிங் என்பது எஃகின் மேற்பரப்பையே இரும்பின் கருப்பு ஆக்சைடாக மாற்றும் மிக மெல்லிய படலம். அது தானாகத் துருவைத் தடுப்பதில்லை, தன் நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் தடுக்கிறது. ஆகவே புளூயிங் செய்த துப்பாக்கி எதுவானாலும், அதன் உரிமையாளர் கவனமானவராக இருந்தால், ஆண்டுக்கணக்கில் எண்ணெய் குடித்த உலோகமாகவே எங்களிடம் வந்து சேரும். இந்த ரைஃபிளின் உரிமையாளர் மிகக் கவனமானவர். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் எண்ணெயிட்டு, குழல்வாய் மேலே இருக்குமாறு அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறார். அப்படி நிற்கும்போது எண்ணெய் கீழிறங்கி, குழல் ரிசீவருக்குள் திருகப்பட்டிருக்கும் மரைகளிலும் ரிசீவரின் அடிப்பக்கத் துளைகளிலும் தேங்கும். போட்டி நெருங்கிக்கொண்டிருந்ததால் ரைஃபிளை விரைவில் திருப்பித் தருவதாக நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம்.

அன்று நடந்தது இதுதான். பாகங்களைப் பிரித்தோம். அசிட்டோன் நனைத்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்தோம். பிளாஸ்டிங் பெட்டியில் அழுத்தக் காற்றால் அலுமினியம் ஆக்சைடு துகளை வீசிப் பழைய புளூயிங்கை நீக்கினோம். பூச்சு அடித்தோம். 121 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் ஓவனில் வைத்துப் பதப்படுத்தினோம். இந்த வரிசையில் மூன்று படிகள் இல்லை: வெந்நீர்க் கழுவல் இல்லை, கரைப்பானில் ஊறவைத்தல் இல்லை, பூச்சுக்கு முந்தைய வெறும் சூடேற்றல் இல்லை. மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு முழு வேலைநாள் ஆகும். அந்த ஒரு நாளைத்தான் மிச்சப்படுத்தினோம். வெளியே எடுத்தபோது பூச்சு சீராக, அழகாகவே இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை.

உரிந்த படலத்தின் அடிப்பக்கம்

திரும்பி வந்த ரைஃபிளில் குழலும் ரிசீவரும் சேரும் கோட்டை ஒட்டி, சுமார் ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சு கொப்பளித்திருந்தது. முன் சைட்டை (குறிபார்க்கும் உறுப்பை) தாங்கும் மேட்டின் ஓரத்தில் சிறு செதில்கள் எழும்பியிருந்தன. மற்ற இடங்களில் குறையில்லை. உரிமையாளர் அதை விரைவுத் தொடர்ச் சுடுதலில் ஏற்பட்ட சூட்டின் விளைவு என்று நினைத்தார். எங்களில் ஒருவர் பிளாஸ்டிங் போதாமல் மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்துவிட்டது என்றார். இரண்டும் தவறு என்பதை உரிந்த செதிலே காட்டியது.

பூச்சு உரியும்போது, அது எங்கே பிரிந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். படலம் தனக்குள்ளேயே பிளந்து, பாதி உலோகத்தில் ஒட்டியும் பாதி செதிலிலும் இருந்தால், கலவை விகிதத்திலோ பதப்படுத்தலிலோ குறை இருக்கலாம். இங்கே படலம் முழுத் தடிப்போடு கழன்றிருந்தது. அடியில் எஃகு வெறுமையாக, சாம்பல் நிறத்தில் தெரிந்தது. செதிலைப் புரட்டி 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தபோது, அதன் அடிப்பக்கத்தில் பிளாஸ்டிங்கின் கரடுமுரடு அச்சுப் பதித்தாற்போல் இருந்தது. அதாவது, எஃகு போதிய அளவு சொரசொரப்பாகவே இருந்திருக்கிறது, பூச்சும் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒன்று படர்ந்து, அவற்றைச் சேரவிடாமல் தடுத்திருக்கிறது. கொப்புளத்தின் நடுவில் இருந்த செதில்களின் அடியில் வெளிர் பழுப்பான, விரலில் வழுக்கும் கறை இருந்தது. ஓவனின் சூட்டில் இடுக்கிலிருந்த எண்ணெய் இளகி, இறுகிக்கொண்டிருந்த பூச்சின் அடியில் ஊர்ந்து பரவியிருக்கிறது. பதப்படுத்தல் முடிந்து வெளியே வந்தபோதே பூச்சு அங்கே மிதந்துகொண்டுதான் இருந்தது. நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தது குழலின் நடுப்பகுதியில், இணைப்புக் கோட்டில் அன்று.

எண்ணெய் வேறு எங்கிருந்தும் வந்திருக்கக் கூடுமா என்று பார்ப்பது நேர்மையான ஆய்வுக்குக் கட்டாயம். காற்றையும் வீச்சுத் துகளையும் சோதித்தோம். கம்ப்ரசரின் காற்றில் எண்ணெயோ நீரோ கலந்திருந்தால் அது ஸ்பிரே கன் வழியாக நேராகப் பூச்சுக்குள் போகும். காற்று வெளிவரும் முனைக்கு முன்னால் வெள்ளைத் தாளை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்துப் பார்த்தோம். தாள் சுத்தமாகவே இருந்தது. அடுத்து, பிளாஸ்டிங் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி துகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, சுத்தமான நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். சற்று நேரத்தில் நீரின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய ஏடு மிதந்தது. அந்த ஏட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எண்ணெய் போகாத உலோகத்தின் மேல் துகளை வீசினால் எண்ணெய் நீங்குவதில்லை. ஒரு பகுதி உலோகத்தின் பள்ளங்களுக்குள் அறையப்படுகிறது, மறு பகுதி துகளில் ஒட்டிக்கொண்டு பெட்டிக்குள் சுழல்கிறது. அதே துகளில்தான் அடுத்தடுத்து வரும் பாகங்களையும் வீசுகிறோம். அந்த ரைஃபிளுக்குப் பின் அதே பெட்டியில் வேறு மூவருடைய பாகங்கள் போயிருந்தன.

ஓவனில் நேர்ந்தது

மறுவேலையின் முதல் நாள் நான் பணிமனையில் இல்லை. இடுக்கில் எண்ணெய் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், எங்கள் இளம் பணியாளர் அதை எப்படியாவது வெளியேற்றிவிட வேண்டும் என்ற அக்கறையோடு, வாகன பிரேக்குகளைச் சுத்தம் செய்யும் அழுத்தக் குப்பி ஒன்றை எடுத்து இணைப்புக் கோட்டில் தாராளமாகப் பீய்ச்சி அடித்திருக்கிறார். பிறகு, திரவம் முழுவதும் உலரும்வரை காத்திராமல், ரைஃபிளை 150 டிகிரியில் சூடாகிக்கொண்டிருந்த ஓவனுக்குள் வைத்திருக்கிறார். சில நிமிடங்களில் ஓவனின் கதவோரத்திலிருந்து மூக்கைத் துளைக்கும் காரமான நெடி எழுந்தது. கண்ணும் தொண்டையும் எரிந்தன. கதவைத் திறந்து பார்க்கப் போனவரை உடனிருந்த மூத்தவர் இழுத்து வெளியே கொண்டுவந்து, மின்சாரத்தை வெளிப்புற விசையில் துண்டித்து, பணிமனையைக் காலி செய்ததால் பெரிய கேடு விலகியது.

அந்தக் குப்பியில் இருந்தது டெட்ராகுளோரோஎத்திலீன். குளோரின் கொண்ட இத்தகைய கரைப்பான்கள் தீப்பற்றாதவை என்பதால் பலருக்கு அவை பாதுகாப்பானவை என்ற எண்ணம் உண்டு. ஆனால் அவற்றின் ஆவி தீச்சுடரையோ, வெல்டிங்கின் மின்சுடரையோ, சிவக்கப் பழுத்த வெப்பக் கம்பியையோ தொட்டால் சிதைந்து, ஹைட்ரஜன் குளோரைடையும் அதனோடு பாஸ்ஜீன் என்ற கொடிய வாயுவையும் உண்டாக்கும். ஓவனின் உட்காற்று 150 டிகிரிதான் என்றாலும், அதன் கம்பிகளின் மேற்பரப்பு அதைவிடப் பல மடங்கு சூடானது. மூக்கைத் துளைத்த காரம் ஹைட்ரஜன் குளோரைடுக்குரியது. பாஸ்ஜீனோ அப்படி உடனே எச்சரிப்பதில்லை. குறைந்த அளவில் பழைய வைக்கோலின் மணம் போல இலேசாகத் தோன்றி, நுரையீரலில் நீர் கோக்கும் விளைவைப் பல மணி நேரம் கழித்தே, சில வேளை ஒரு நாள் வரை தாமதித்தே, வெளிப்படுத்தும். ஆகவே இப்படி ஒரு நெடியைச் சுவாசித்தவர், எரிச்சல் அடங்கி நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், மருத்துவரிடம் போக வேண்டும். எந்தக் கரைப்பான், எந்தச் சூடு என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எங்கள் பணியாளர் குப்பியைக் கையோடு எடுத்துச் சென்றார். ஓர் இரவு கண்காணிப்புக்குப் பின் நலமாகத் திரும்பினார். அவருடைய அக்கறையில் குறை காண எனக்கு மனமில்லை; கையெட்டும் தூரத்தில் அந்தக் குப்பியை வைத்திருந்ததும், எதை எதனோடு சேர்க்கக் கூடாது என்று எழுதி ஒட்டாமல் விட்டதும் என் பொறுப்பு. குளோரின் கலந்த கரைப்பான் எதுவும் இப்போது பணிமனைக்குள் வருவதில்லை.

மறுபடியும் முதலிலிருந்து

மூன்றாம் முறை எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினோம். இதை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இந்த வேலையில் ஸ்பிரே கன்னைக் கையிலெடுப்பது கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் தயாரிப்புக்கே போகிறது.

முதலில், ரைஃபிள் வெறுமையாக இருப்பதை உறுதி செய்தோம். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறைக்குள் விளக்கு அடித்துக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, குழலுக்குள் ஒரு கோலை முழுதும் செலுத்தி அடைப்பு இல்லை என்று கண்டோம். இதை இருவர் தனித்தனியாகச் செய்து கையொப்பமிடுவது வழக்கம். ஏற்கெனவே எங்கள் கையில் இருந்த ரைஃபிள்தானே என்று விடவில்லை. ஓவனுக்குள் போகப்போகும் ஒரு பொருளில் தோட்டா மறந்துபோய் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தோட்டாக்கள் பணிமனைக்குள்ளேயே வரக் கூடாது. உரிமையாளரின் ஆவணங்களோடு வரிசை எண்ணை ஒப்பிட்டு, எண்ணும் சோதனை முத்திரைகளும் இருக்கும் இடங்களைப் படமெடுத்தோம். பல நாடுகளில் வரிசை எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். பிளாஸ்டிங்கில் ஆழமில்லாத எழுத்துகள் மழுங்கிவிடும், அடர்ந்த பூச்சு அவற்றை நிரப்பிவிடும். எனவே அந்த இடத்தில் முனையைத் தள்ளிப் பிடித்து, அழுத்தத்தைக் குறைத்து, மெல்லிய ஒரே அடுக்கோடு நிறுத்திக்கொள்கிறோம். பதப்படுத்தியபின் எண் தெளிவாகப் படிக்க முடிகிறதா என்பதை முன்னெடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

பிரித்த பாகங்களை மூன்றாகப் பிரித்தோம். மரக்கட்டை, ரப்பர், தொலைநோக்கி ஆகியவை வேலையிடத்துக்கே வருவதில்லை. சுடும் விசைத் தொகுதி, சுருள்வில்கள், தோட்டாவைத் தட்டும் சுடுமுள் ஆகியவற்றுக்குப் பூச்சு கிடையாது; பூச்சின் தடிப்பு சுமார் 25 மைக்ரான்தான் என்றாலும், விசையின் கொக்கிகள் ஒன்றையொன்று பற்றும் விளிம்பில் அந்த 25 மைக்ரான் துப்பாக்கியைத் தானாகச் சுடவைக்கும் அளவுக்கு முக்கியமானது. போல்ட்டின் பூட்டுக் காதுகளும் முகப்பும் அப்படியே. பூச்சுக்குரிய மூன்றாவது குவியலில் இருந்த திருகாணிகளில் இரண்டு மங்கலான மஞ்சள் மின்னலோடு இருந்தன. அது காட்மியம் முலாமாக இருக்கக்கூடும். காட்மியத்தின் தூசியும் புகையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அவற்றைப் பிளாஸ்டிங் செய்யாமல், சூடாக்காமல், புதிய திருகாணிகளை வாங்கிப் போட்டோம். சோதித்து உறுதிசெய்யும் செலவைவிட இரண்டு திருகாணிகளின் விலை குறைவு.

பழைய துப்பாக்கியில் ஈயத்தையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான தோட்டாக்களின் தீமூட்டியில் ஈய ஸ்டிஃப்னேட் என்ற சேர்மம் இருக்கிறது. குண்டின் ஈயமும் சேர்ந்து, குழல்வாயைச் சுற்றியும் போல்ட் முகப்பிலும் கரியாகப் படிந்திருக்கும். அதை உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தூசியாக்குவது தவறு. காற்றடித்து ஊதுவது அதைவிடத் தவறு. முதலில் நனைத்து, பிறகு தேய்த்து, துடைத்த துணியைத் தனிப் பையில் இட்டு மூட வேண்டும். வேலை முடிந்து சோப்பிட்டுக் கைகழுவாமல் எதையும் வாயருகே கொண்டுபோகக் கூடாது. வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனெனில் ஈயத்தால் மிக அதிகம் பாதிக்கப்படுபவர்கள் சிறு குழந்தைகள்.

அதன்பின் எண்ணெய் நீக்கம். ரைஃபிளின் எஃகுப் பகுதியை 60 டிகிரி அளவிலான வெந்நீரில் கார வகைச் சலவைக் கரைசல் கலந்து தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். எண்ணெயின் பெரும்பகுதி நீரில் போய்விட்டால், தீப்பற்றும் கரைப்பானின் தேவை வெகுவாகக் குறையும். சலவைக் கரைசலின் எச்சம் தங்காதபடி மூன்று முறை சுத்தமான வெந்நீரில் அலசினோம். இந்தக் கட்டத்தில் மேற்பரப்பில் நீரை ஓடவிட்டுப் பார்ப்பது பயனுள்ள சோதனை. எண்ணெயற்ற உலோகத்தில் நீர் உடையாத ஒரே படலமாகப் பரவும். எண்ணெய் இருந்தால் முத்து முத்தாகத் திரளும். ஆனால் சலவைக் கரைசல் மீதமிருந்தாலும் நீர் பரவத்தான் செய்யும், ஆகையால் நன்றாக அலசாமல் இந்தச் சோதனையை நம்பினால் ஏமாந்துபோவோம்.

உலர்ந்தபின் மூடியுள்ள உலோகத் தொட்டியில், அசிட்டோனில் அரை மணி நேரம் ஊறவைத்தோம். அசிட்டோனின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். அதாவது எந்த அறை வெப்பத்திலும் அதன் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது. காற்றில் 2.5 விழுக்காடு கலந்தாலே பற்றும். அந்த ஆவி காற்றைப் போல் இரு மடங்கு கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து, அறையின் மறுகோடியில் உள்ள மின்விசையையோ கம்ப்ரசரையோ சென்றடையும். உறிஞ்சும் விசிறியைத் தரைமட்டத்தில் வைப்பதும், தொட்டியையும் ஊற்றும் கலத்தையும் கம்பியால் இணைத்து நிலத்தொடர்பு கொடுப்பதும், பிளாஸ்டிக் வாளியைத் தவிர்ப்பதும் இதனால்தான். கையுறை பற்றி ஒரு வார்த்தை: பலரும் அணியும் மெல்லிய நைட்ரைல் கையுறை எண்ணெய்க்கு நல்லது, அசிட்டோனுக்கு உதவாது, சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறைதான் இதற்குத் தாங்கும். பயன்படுத்திய துணிகள் மூடியுள்ள உலோகப் பெட்டிக்குப் போயின.

அடுத்தது, முதல் வேலையில் நாங்கள் கைவிட்ட மூன்று படிகளில் கடைசியான வெறும் சூடேற்றல். கரைப்பான் முற்றிலும் ஆவியாகும்வரை, காற்றோட்டத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாக ரைஃபிளைத் தொங்கவிட்டோம். அதன்பின் குளிர்ந்த ஓவனில் வைத்து, வெளியேற்றுக் குழாயை இயக்கி, 150 டிகிரிக்கு உயர்த்தி ஒரு மணி நேரம் பிடித்தோம். முதல் சூடேற்றலுக்குப் பின் வெளியே எடுத்தபோது இணைப்புக் கோட்டில், வியர்வை துளிர்த்தாற்போல், பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்து நின்றது. இத்தனை கழுவலுக்கும் ஊறலுக்கும் பின்னரும் அது இருந்தது. ஆறவைத்து, மீண்டும் அசிட்டோனில் ஊறவைத்து, உலர்த்தி, மீண்டும் சூடேற்றினோம். இரண்டாம் முறை முன் சைட் மேட்டின் அடியில் மட்டும் ஒரு புள்ளி. மூன்றாம் முறை எதுவும் இல்லை. எத்தனை முறை என்பதைக் கடிகாரம் முடிவு செய்யக் கூடாது. கசிவு நிற்கும்வரை செய்ய வேண்டும்.

இந்தச் சூடு எல்லாப் பொருளுக்கும் ஏற்றதன்று. பாலிமர் பாகங்களுக்கு 80 டிகிரியைத் தாண்டினாலே வளைந்துவிடும் அபாயம் உண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் நடுப்பட்டை ஈயப் பற்றால் ஒட்டப்பட்டிருக்கும். வெள்ளீயமும் ஈயமும் கலந்த அந்தப் பற்று 183 டிகிரியில் இளகத் தொடங்கும், ஓவனின் அளவுகாட்டி 20, 30 டிகிரி தவறாகக் காட்டுவது அரிதன்று. எங்கள் ஓவனுக்குள் தனியாக ஒரு வெப்பமானி வைத்திருக்கிறோம். 7075 வகை அலுமினியக் கலவை 120 டிகிரி அளவில் முதிரவைத்து வலுவேற்றப்பட்டது. அதைவிடக் கூடுதலான சூட்டில் நெடுநேரம் வைத்தால் வலு குறையும். எனவே அலுமினிய ரிசீவரை எஃகைப் போல நடத்தக் கூடாது. உணவு சமைக்கும் அடுப்பை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது.

பிளாஸ்டிங் பெட்டியிலிருந்த பழைய துகள் முழுவதையும் அகற்றி, உட்சுவரைத் துடைத்து, வடிகட்டிகளை மாற்றி, 100 மெஷ் அளவிலான (அங்குலத்துக்கு 100 கண் கொண்ட சல்லடையின் அளவு) புதிய அலுமினியம் ஆக்சைடை நிரப்பினோம். குழல்வாயையும் தோட்டா அறையையும் சிலிகோன் அடைப்பான்களால் மூடினோம், மரைகளையும் போல்ட் ஓடும் தடத்தையும் சூடு தாங்கும் பாலியெஸ்டர் டேப்பால் மறைத்தோம். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில், முனையைச் சாய்வாகப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் வீசினோம். மின்னும் புள்ளி எதுவும் மிஞ்சாத, ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறமே இலக்கு. பூச்சு மெல்லியது என்பதால் பருமனான துகள் வேண்டாம். உலோகத்தின் முகடுகள் பூச்சுக்கு வெளியே துருத்திக்கொண்டு, அந்த நுனிகளிலிருந்தே துரு தொடங்கும்.

துகளைத் தேர்ந்தெடுப்பதில் மலிவு என்று ஆற்று மணலை நாடுவோரை நான் இன்றும் காண்கிறேன். குவார்ட்சு மணல் உடைந்து எழும் நுண்தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயை ஆற்றும் மருந்து இல்லை. வார்ப்பு வேலைகளில் மணல் வீசுவதை 1949-ஆம் ஆண்டின் விதிகளாலேயே பிரிட்டன் தடை செய்தது. மூடிய பெட்டியாக இருந்தாலும் மணல் வேண்டாம். தூசிக்கான முகமூடி ஆவியைத் தடுக்காது, ஆவிக்கான கரி வடிகட்டி தனியே தூசிக்குப் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஐசோசயனேட் கொண்ட கடினமாக்கியோடு கலக்கும் பூச்சுகளுக்கோ வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசமே தகும். ஒருமுறை ஐசோசயனேட்டுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறு அளவே ஆஸ்துமாவைத் தூண்டிவிடும்.

பிளாஸ்டிங் முடிந்த எஃகு பிறந்த குழந்தையின் தோலைப் போன்றது. வெறுங்கை படக் கூடாது. விரல் ரேகையின் உப்பும் கொழுப்பும் போதும், அங்கே துருவோ கொப்புளமோ வர. பெட்டிக்குள்ளேயே உலர்ந்த காற்றால் தூசியை ஊதினோம். இங்கே ஒரு பழக்கத்தை விட்டோம்: முன்பெல்லாம் பிளாஸ்டிங்குக்குப் பின் அசிட்டோன் துணியால் ஒருமுறை துடைப்போம். அசிட்டோன் ஆவியாகும்போது உலோகத்தைக் குளிர்விக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனி படியும், துணியின் நூலிழைகளும் சொரசொரப்பில் சிக்கும். உலோகத்தின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இருப்பதைப் பார்த்து, துரு பிடிக்க நேரம் கொடுக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் பூச்சடித்தோம். நாங்கள் பயன்படுத்திய, செராகோட் என்ற வணிகப் பெயர் கொண்ட எச் வரிசைச் செராமிக் பூச்சு 18 பங்குக்கு 1 பங்கு ஊக்கி (பூச்சை இறுகவைக்கும் துணைத் திரவம்) என்ற விகிதத்தில் கலப்பது. அடித்தபின் முன்போலவே 121 டிகிரியில் 2 மணி நேரம்.

அடைப்பான்களின் எண்ணிக்கை

பதப்படுத்தி ஆறியபின் ரைஃபிளைப் பூட்டத் தொடங்குவதற்கு முன் அடைப்பான்களை எண்ணினோம். வேலைத்தாளில் பதினொன்று என்று எழுதியிருந்தது. மேசையில் பத்து இருந்தன. தொலைநோக்கியைப் பொருத்தும் துளை ஒன்றில் மிகச் சிறிய அடைப்பான் பூச்சின் நிறத்தோடு நிறமாக மறைந்திருந்தது. அந்த இடத்தில் அது பெரிய தீங்கில்லை. ஆனால் அதே மறதி குழலுக்குள் நேர்ந்திருந்தால், முதல் தோட்டாவிலேயே குழல் வீங்கியோ வெடித்தோ சுடுபவரின் கையும் கண்ணும் போயிருக்கும். குழலுக்கான அடைப்பான்கள் இப்போது எல்லாம் கெட்டிச் சிவப்பு நிறத்தில், வெளியே ஒரு சாண் நீளும் வாலோடு இருக்கின்றன. எண்ணிக்கை சரியாகும்வரை எதையும் பூட்டுவதில்லை.

பிறகு குழலுக்குள் கோலைச் செலுத்தி, விளக்கடித்துப் பார்த்து, தோட்டா அறையை அளவியால் சோதித்தோம். இடுக்குகளில் ஒட்டிய வீச்சுத் துகள்களை ஒவ்வொன்றாக நீக்கினோம். எஃகைவிடக் கடினமான அந்தத் துகள் ஒன்று விசைத் தொகுதிக்குள் போனால் பாதுகாப்புப் பூட்டு இயங்காமல் போகலாம். போலித் தோட்டாக்களை ஏற்றி இறக்கி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை இழுத்து, போல்ட்டை ஓங்கி மூடி, விசை தானாக விடுபடவில்லை என்று உறுதி செய்தோம். இணைப்புக் கோட்டில் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒரே இழுப்பில் பிரித்தபோது பூச்சு அசையவில்லை. இம்முறை குழலின் நடுவில் அல்ல, இடுக்கின் மேலேயே சோதித்தோம்.

உரிமையாளரிடம் ரைஃபிளை ஒப்படைக்கும்போது எந்தெந்தப் பாகத்துக்குப் பூச்சு உண்டு, எதற்கு இல்லை, எவ்வளவு சூட்டில் வைக்கப்பட்டது என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தோம். போட்டியைத் தவறவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டோம். ஆறு மாதம் கழித்து அவர் கொண்டுவந்து காட்டியபோது இணைப்புக் கோடு உறுதியாக இருந்தது. எண்ணெய் கலந்த பழைய துகளை, ஈயமும் சேர்ந்தது என்பதால், அபாயக் கழிவாகத் தனிப் பீப்பாயில் மூடி அனுப்பினோம். அந்தத் துகளில் வீசப்பட்ட மற்ற மூவரின் பாகங்களையும் திருப்பியழைத்தோம். இரண்டு வந்துவிட்டன, ஒன்றில் கைப்பிடி வளையத்தின் அடியில் கொப்புளம் தொடங்கியிருந்தது, மற்றொன்றில் குறையில்லை என்றாலும் இரண்டையும் உரித்து முதலிலிருந்து செய்து கொடுத்தோம். மூன்றாமவர் வெளியூரில் இருக்கிறார். அவருடைய ரைஃபிளுக்கான இடத்தை ஓவன் பதிவேட்டில் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.